வில் வேட்டை கேள்வி பதில்: 45 இறாத்தல் வில்லுக்கு எந்த முனை?

ஒன்ராறியோவில் இலையுதிர் கால மான் வேட்டைக்குத் தயாராகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 40, 45 இறாத்தலுக்கு (பவுண்டுக்கு) மேல் இழுக்க முடியாதவர் வெள்ளைவால் மானுக்கு எந்த பிராட்ஹெட் போடுவது? பயிற்சிக்குப் போடும் உருண்டை முனையான ஃபீல்ட் பாயின்டைக் கழற்றிவிட்டு, வேட்டைக்கென்று திருகிப் பூட்டும், அலகு (வெட்டும் தகடு) வைத்த முனைதான் பிராட்ஹெட். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

என் காம்பவுண்ட் வில்லின் (கப்பி வைத்த வில்) இழுவிசை 45 இறாத்தல், இழு நீளம் 26 அங்குலம். கடையில் 2 அங்குலம் விரியும் மெக்கானிக்கல் முனையை எடுத்துத் தந்தார்கள். பெரிய ஓட்டை விழும், மான் தூரம் ஓடாது என்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, ஸ்கார்பரோ

வேண்டாம். முனையில் குறை இல்லை. 65, 70 இறாத்தல் வில்லுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் வில்லுக்கு அது அளவு மீறிய செலவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அளவுக்கு ஒரு நடுத்தரக் காம்பவுண்ட் வில், 350 கிரெய்ன் (7,000 கிரெய்ன் ஒரு இறாத்தல்) எடையுள்ள அம்பை நொடிக்கு ஏறக்குறைய 225 அடி வேகத்தில் அனுப்பும். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதைக் கிரெய்ன் எடையால் பெருக்கி, 450,240 ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-இறாத்தலில் வந்துவிடும். உங்களுக்கு 39 வருகிறது. அம்புத் தண்டு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மானுக்கு 25 முதல் 41 வரை என்கிறது. ஆக, மானை விழுத்தப் போதுமான ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. வீணடிக்கத்தான் இல்லை.

மெக்கானிக்கல் முனை இரண்டு இடத்தில் அந்த ஆற்றலைத் தின்னும். மடங்கியிருக்கும் அலகை விரிப்பதற்கு ஒரு பங்கு போகும். விரிந்த பிறகு அலகு அம்பின் போக்குக்குக் குறுக்காகவே நிற்பதால் அதை இழுத்துக்கொண்டு போவதற்கு இன்னொரு பங்கு போகும். தோலில் விழும் கீறலின் நீளத்தை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். 2 அங்குல மெக்கானிக்கல் 51 மி.மீ. கீற வேண்டும். 1⅛ அங்குல மூன்று அலகு முனை 43 மி.மீ. 1¹⁄₁₆ அங்குல இரண்டு அலகு முனைக்கு 27 மி.மீ. போதும். அதே 39 அடி-இறாத்தலை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வெட்டச் சொன்னால், அம்பு பாதி வழியில் விலா எலும்புக்குள் நின்றுவிடும். மான் சற்றுச் சாய்வாக நின்றால் ஒரு பக்க அலகு முதலில் மாட்டி, அம்பே திசை திரும்பவும் கூடும்.

அம்பு உள்ளேயே நின்றால் ஓட்டை ஒன்றுதான். மரத்தில் கட்டிய இருக்கையிலிருந்து எய்தால் அந்த ஓட்டை மானின் உடலில் மேல்பக்கம் இருக்கும். இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்குமே தவிர நிலத்தில் விழாது. மறுபக்கம் வெளியேறினால் இரண்டாவது ஓட்டை கீழே அமையும். தடம் பிடிக்க உதவுவது அதுதான். குறைந்த இழுவிசைக்காரர் முனை வாங்கும்போது, ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இது மறுபக்கம் வெளியே வருமா என்று கேட்க வேண்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது அசையாத, இரண்டு அலகு முனை. அகலம் 1 முதல் 1⅛ அங்குலம். நுனியிலிருந்தே அலகு தொடங்க வேண்டும். நுனியில் உளி மாதிரி முக்கோணக் கூர் வைத்திருக்கும் முனைகள் முதலில் தோலைக் குத்தித் துளைத்து, அதன் பிறகுதான் வெட்டத் தொடங்கும். அந்தக் குத்துக்கும் நீங்கள்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும். அலகு நீளமாகச் சரிந்திருக்கட்டும். அரிவாள்மனையில் மீனை இழுத்து அறுப்பதற்கும் மேலிருந்து அழுத்துவதற்கும் எவ்வளவு வித்தியாசமோ, சரிந்த அலகுக்கும் செங்குத்தான அலகுக்கும் அவ்வளவு வித்தியாசம். தடிமன் 0.04 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். மக்னஸ் ஸ்டிங்கர், ஸ்விக்கி வகைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்டிங்கரில் குறுக்கே இன்னும் ஒரு சிறு அலகு செருகலாம். உங்கள் வில்லுக்கு அதைச் செருகாமல் விடுவதே எங்கள் விருப்பம்.

ஒடுக்கமான முனை நல்லது என்று சொன்னதும் ¾ அங்குலத்துக்குப் போய்விடாதீர்கள். ஒன்ராறியோ விதிப்படி மானுக்கான முனை அகலமான இடத்தில் 22 மி.மீ. ஆவது இருக்க வேண்டும், கூரான விளிம்பு இரண்டாவது வேண்டும்.

எடை குறைந்த அம்புதான் வேகமாகப் போகும், வேகம்தான் துளைக்கும் என்கிறார் நண்பர். 100 கிரெய்ன் முனையா, 125 கிரெய்ன் முனையா?
வாசகர், மார்க்கம்

125. ஆனால் முனையை மட்டும் மாற்றினால் போதாது.

மேலே சொன்ன 45 இறாத்தல் வில்லுக்கே இரண்டு அம்பு கட்டிப் பார்க்கலாம். இரண்டிலும் தண்டு 26½ அங்குலம், அங்குலத்துக்கு 8 கிரெய்ன் வீதம் 212. நாணில் மாட்டும் நாக் 10. பின்பக்கச் சிறகான வேன் மூன்றும் சேர்த்து 18. முதல் அம்பில், முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் 12 கிரெய்ன் அலுமினிய இன்செர்ட்டும் 100 கிரெய்ன் முனையும் போட்டால் மொத்தம் 352. இரண்டாவதில் 50 கிரெய்ன் பித்தளை இன்செர்ட்டும் 125 கிரெய்ன் முனையும் போட்டால் 415.

முதல் அம்பு நொடிக்கு 225 அடி போனால் இரண்டாவது ஏறத்தாழ 210 அடி போகும். ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை: 39.6, 40.6. எடை கூடிய அம்பு வில்லிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும். முதல் அம்போடு அந்த ஆற்றல் வில்லின் அதிர்வாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது. உந்தத்தில்தான் இடைவெளி தெரியும். எடையை வேகத்தால் பெருக்கி 225,400 ஆல் வகுத்தால் முதலாவதுக்கு 0.351, இரண்டாவதுக்கு 0.387. பத்து வீதம் கூடுதல். அதுவும் வெறும் இன்செர்ட்டையும் முனையையும் மாற்றியதால் வந்தது.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? 20 யார்டுக்கு 225 அடி வேக அம்பு 0.267 நொடியில் போய்ச் சேரும், 210 அடி வேக அம்பு 0.286 நொடியில். நொடியின் ஐம்பதில் ஒரு பங்குதான் வித்தியாசம். வில் நாணின் சத்தம் அதே தூரத்தை 0.055 நொடியில் கடந்து மானின் காதுக்குப் போய்விடுகிறது. எந்த அம்பும் அதை முந்தாது. சத்தத்தைக் குறைப்பதுதான் வழி, அதற்கும் எடை கூடிய அம்புதான் உதவும். இனி, 20 யார்டுக்கென்று வில்லில் பொருத்திய குறி ஊசியான பின்னை வைத்து, 25 யார்டில் நிற்கும் மானை 20 என்று தவறாக மதித்து எய்தால், வேக அம்பு ஏறக்குறைய 3 அங்குலம் தாழ்ந்து விழும், எடை அம்பு 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாழும். ஒரு அங்குலம் கூட இல்லாத லாபத்துக்காக உந்தத்தை விட்டுக்கொடுப்பதைவிட, தூரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கலாம்.

கவனிக்க வேண்டியது தண்டின் விறைப்பு. முன்பக்கம் எடை ஏறினால் அம்பு புறப்படும்போது அதிகமாக வளையும். 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 இறாத்தல் தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் தொய்கிறதோ அதுதான் ஸ்பைன் எண். 500 என்றால் அரை அங்குலம். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 100 கிரெய்ன் முனையோடு 600 தண்டில் சரியாகப் பறந்த அம்பு, முன்னால் 63 கிரெய்ன் ஏறியதும் தடுமாறலாம். அப்போது 500க்குப் போக வேண்டும். தண்டு உற்பத்தியாளரின் தேர்வு அட்டவணையில் முனை எடையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முன்பாரம் எவ்வளவு என்று அறிய, முனை பூட்டிய அம்பை விரல் நுனியில் நிறுத்தி, சமநிலைப் புள்ளி நாக்கின் பள்ளத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். அதிலிருந்து தண்டு நீளத்தில் பாதியைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். மேலே சொன்ன முதல் அம்பு 16.7 அங்குலத்தில் நிற்கும், முன்பாரம் 13 வீதம். இரண்டாவது 18.2 அங்குலத்தில், 18.7 வீதம். மானுக்கு இரண்டுமே போதும். முன்பாரத்தை 25, 30 என்று ஏற்றுவதில் சிலருக்கு ஒரு பித்தே இருக்கிறது. 45 இறாத்தலில் அம்பு 500 கிரெய்னைத் தாண்டினால் 20, 30 யார்டுப் பின்களுக்கு இடையே இடைவெளி அகன்று, தூரம் மதிப்பதில் வரும் சிறு பிழையும் மானைக் காயப்படுத்தி விட்டுவிடும். 400 முதல் 450 கிரெய்ன், அதோடு நில்லுங்கள்.

ஃபீல்ட் பாயின்ட் 20 யார்டில் நடுவில் விழுகிறது. அதே எடை பிராட்ஹெட் போட்டால் 4 அங்குலம் இடப்பக்கம், 2 அங்குலம் கீழே. முனை பழுதா?
வாசகர், ஏஜாக்ஸ்

பெரும்பாலும் முனை பழுதில்லை. வில்லும் அம்பும் ஒத்துப்போகவில்லை என்பதை முனை காட்டிக்கொடுக்கிறது. அலகு முன்பக்கச் சிறகு மாதிரி. அம்பு இம்மி கோணலாகப் புறப்பட்டாலும் காற்று அந்தச் சிறகைப் பிடித்துத் திருப்பிவிடும். ஃபீல்ட் பாயின்டுக்குச் சிறகு இல்லாததால் பின்னாலுள்ள வேன் கோணலைத் திருத்தி மறைத்துவிடுகிறது.

பின்னைத் திருப்பிக் குறியைச் சரிசெய்து தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கோணலாகப் பறக்கும் அம்பு மானிலும் கோணலாகத்தான் நுழையும். நுழைந்த பிறகு தண்டு ஓட்டையின் ஓரத்தில் உரசிக்கொண்டே போகும். 70 இறாத்தல் வில் அதைப் பொறுத்துக்கொள்ளும். உங்கள் வில் பொறுக்காது.

முதலில் ஒவ்வொரு அம்பையும் தனித்தனியாகச் சுழற்றிப் பாருங்கள். முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றி, தண்டைப் பம்பரம் போல விரலால் சுண்டிவிடுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தில் நடுக்கம் தெரிந்தால் அந்த அம்பு ஆகாது. தண்டின் வெட்டு வாய் நேராக இல்லாமல் இருக்கலாம், இன்செர்ட் சாய்ந்து ஒட்டியிருக்கலாம், முனையின் காம்பு வளைந்திருக்கலாம். எது என்று அறிய முனையை வேறு அம்பில் மாற்றிப் பூட்டுங்கள். நடுக்கம் முனையோடு போனால் முனையில் குறை, அம்போடு நின்றால் தண்டில். வெட்டு வாயைச் சதுரமாக்க, தண்டை உருட்டித் தேய்க்கும் சிறு உப்புத்தாள் கருவி வில் கடைகளில் கிடைக்கும்.

அடுத்து, வேன் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். வேன்களில் உதட்டுச் சாயம் தடவி எய்தால், அம்பு தங்கும் ரெஸ்டில் அல்லது கப்பிகளை இணைக்கும் கேபிளில் பட்ட இடம் சிவந்துவிடும்.

இவை இரண்டும் சரி என்றான பிறகுதான் ரெஸ்டில் கை வைக்க வேண்டும். மூன்று ஃபீல்ட் பாயின்ட் அம்பு, பிறகு மூன்று பிராட்ஹெட் அம்பு, ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி வைத்து எய்யுங்கள். ஒரே புள்ளிக்கு எய்தால் ஒன்று மற்றதன் வேனை அறுத்துவிடும். பிராட்ஹெட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்டை நகர்த்துங்கள். உங்களுக்கு வலப்பக்கமும் மேலும். ஒரு தடவைக்கு ¹⁄₃₂ அங்குலம், அதாவது 0.8 மி.மீ. மட்டும். முதலில் மேல்-கீழைச் சரிசெய்து முடித்துவிட்டுப் பிறகு இடம்-வலத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும். நகர்த்த நகர்த்த இரண்டு கூட்டமும் அசையும், ஆனால் பிராட்ஹெட் கூட்டம் வேகமாக அசைந்து மற்றதோடு வந்து சேரும். சேர்ந்த பிறகே பின்னைத் திருப்பிக் குறி வையுங்கள்.

ரெஸ்டை ⅛ அங்குலத்துக்கு மேல் நகர்த்தியும் இடம்-வலம் சேரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஸ்பைன் பொருந்தவில்லை, அல்லது வில்லின் கப்பியான கேம் சாய்ந்திருக்கிறது, அல்லது பிடிக்கும் கை வில்லை முறுக்குகிறது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடப்பது. உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்காமல், கட்டைவிரலடித் தசையில் வில்லைச் சாய்த்து வைத்து இன்னொரு தடவை எய்து பாருங்கள்.

புதிய முனை பெட்டியிலிருந்து எடுத்தபோதே கையில் மயிர் மழிக்கவில்லை. தீட்டத்தான் வேண்டுமா? எப்படி?
வாசகர், ஹமில்டன்

தீட்டத்தான் வேண்டும். விலை கூடிய முனையை மொட்டையாகப் போடுவதைவிட, மலிவான முனையைச் சவரக் கத்தி போலத் தீட்டிப் போடுவது மேல். மொட்டைக் கத்தியைத் தக்காளித் தோலில் வைத்தால் என்ன ஆகிறது? அழுந்துகிறது, நழுவுகிறது, பிறகு நசுங்குகிறது. இரத்தக் குழாயும் அப்படித்தான், மொட்டை விளிம்புக்கு முன் ஒதுங்கிப் போய்விடும். கிழிந்த காயத்தில் இரத்தம் சீக்கிரம் உறைந்தும் விடும்.

இரண்டு அலகு முனையானால், விளிம்புச் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். அரத்தையோ கல்லையோ அந்தச் சரிவிலேயே படிய வைத்து இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பாருங்கள். மை முழு அகலத்துக்கும் போயிருந்தால் கோணம் சரி. விளிம்போரம் மட்டும் போயிருந்தால் நீங்கள் அதிகம் நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள், பின்னோரம் மட்டும் போயிருந்தால் அதிகம் படுக்க வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான முனைகளில் ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள். மறுபக்க விளிம்பில் விரல் நகத்தை வெளிப்புறமாக இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், அடியிலிருந்து நுனி வரை விடாமல். பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கூர் வராது. பிசிறு வந்ததும் மறுபக்கம் திருப்புங்கள், அங்கும் வரட்டும். பிறகு நேர்த்தியான கல்லில் பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு, கை இலேசாக. கடைசியில் மெருகுப் பசை தடவிய தோல் பட்டையில் விளிம்பு பின்னால் வருமாறு இருபது இழுப்பு.

ஒரே வார்ப்பாக வரும் மூன்று அலகு முனைகளுக்கு, உதாரணமாக ஜி5 மான்டெக், இவ்வளவு பாடு இல்லை. இரண்டு அலகைத் தட்டைக் கல்லில் படுக்க வைத்து நீளவாக்கில் தள்ளினால் இரண்டு விளிம்பும் சேர்ந்து தீட்டுப்படும். பத்துத் தள்ளுக்கு ஒரு தடவை உருட்டி அடுத்த இரண்டு அலகுக்குப் போங்கள்.

கூரைச் சோதிக்க ஒரு ரப்பர் வளையத்தைப் பெட்டியில் மாட்டி இழுத்து வையுங்கள். அலகைத் தொட்டதும் அறுந்தால் தயார். வளையம் அழுந்தி, தள்ளுண்டு, பிறகு அறுந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள். ஃபோம் இலக்கில் ஒரு தடவை எய்தாலே இந்தக் கூர் போய்விடும். மூன்று முனை கொண்ட பெட்டியில் ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, மற்ற இரண்டையும் சுழற்றிப் பார்த்து, தீட்டி, வாசலின் மெல்லிசாகத் தடவி வைத்துவிடுங்கள். கார்பன் எஃகு ஈரமான காலைப்பொழுது ஒன்றிலேயே துருப்பிடிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த சிங்கிள் பெவல் முனை எலும்பைப் பிளக்கும் என்கிறார்கள். குறைந்த இழுவிசைக்கு அதுதானே ஏற்றது?
வாசகர், கல்கரி

பிளக்கும் என்பது உண்மை. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் தொடங்கி எட் ஆஷ்பி செய்த சோதனைகளிலிருந்துதான் இந்தப் பேச்சு பரவியது. ஒரு பக்கச் சரிவு, முனை உள்ளே போகும்போது அதைத் திருகாணி போலத் திருப்பும். எலும்பில் பட்டால் அந்தத் திருகு விசை எலும்பை விரித்துப் பிளக்கிறது. ஆனால் அவருடைய அக்கறை பெரிய விலங்குகளின் கனத்த எலும்பு. எருமைக்குச் சொன்னதை மானுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மானின் விலா எலும்பை எந்தக் கூரான இரண்டு அலகு முனையும் வெட்டிக்கொண்டு போகும்.

நாங்கள் சிங்கிள் பெவலை விரும்புவதற்குக் காரணம் வேறு, தீட்டுவது சுலபம். ஒரு பக்கத்தைத் தேய்த்து மறுபக்கப் பிசிறை எடுத்தால் வேலை முடிந்தது. வாங்கினால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வலச் சரிவு முனைக்கு வேன் வலப்பக்கச் சுழலாக ஒட்டியிருக்க வேண்டும், இடச் சரிவுக்கு இடச் சுழல். மாறிப்போனால் காற்றில் ஒரு பக்கம் சுழன்று வந்த அம்பை, மானுக்குள் முனை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சுழற்சி அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு அலகு முனையில் இரத்தத் தடம் மெல்லிசாக இருக்கும் என்ற பயம். நியாயம்தானா?
வாசகி, பீற்றர்பரோ

கொஞ்சம் நியாயம்தான். இரண்டு அலகின் கீறல் ஒரு கோடு போலத்தான் விழும், தோல் அசையும்போது அது மூடிக்கொள்ளவும் செய்யும். இதற்கு மருந்து, எய்யும் இடத்தைத் தேர்வதில் இருக்கிறது. மான் முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது சற்றே உங்களுக்கு அப்பால் திரும்பி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். அப்பால் திரும்பி நிற்கும் மானுக்கு நுழையும் இடத்தைக் குறி வைக்காமல், மறுபக்க முன்னங்காலுக்கு நேராக அம்பு வெளியேறுமாறு குறி வையுங்கள். உங்களை நோக்கித் திரும்பி நிற்கும் மான் இந்த இழுவிசைக்கு இல்லை, 10 யார்டில் நின்றாலும். தோள் எலும்பு முன்னால் இருக்கிறது.

எய்த பிறகு அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரை இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துத் தடம் பிடிக்கலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரமாவது தேவை. பச்சையோ பழுப்போ ஒட்டி நாற்றமடித்தால் குடல். அப்படியே வந்த வழியே திரும்பிப் போய் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வாருங்கள். உடனே துரத்தினால் படுத்த மான் எழுந்து ஓடும், அந்த ஓட்டத்தில் தடமே இல்லாமல் போகும்.

மகனின் ரீகர்வ் வில்லில் (நுனி முன்னோக்கி வளைந்த, கப்பியில்லாத வில்) “40 @ 28” என்று எழுதியிருக்கிறது. அவன் 25 அங்குலம்தான் இழுக்கிறான். ஒன்ராறியோவில் மானுக்குச் செல்லுமா?
வாசகர், பிராம்ப்டன்

செல்லாது. விதி கேட்பது 700 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த இழுப்பில் 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல். 700 மி.மீ. என்பது 27.6 அங்குலம். 28 அங்குலத்தில் 40 காட்டும் வில் 27.6இல் 39ஐ ஒட்டித்தான் காட்டும். இது தாளில் உள்ள சிக்கல். இதைவிடப் பெரிது, அவன் கையில் உண்மையில் இருக்கும் விசை. ரீகர்வில் ஒரு அங்குலம் குறைந்தால் 2 முதல் 2½ இறாத்தல் குறையும். 25 அங்குலத்தில் அவனிடம் 34 இறாத்தலுக்கு மேல் இருக்காது. வில் தராசு கொண்டு அவன் இழுக்கும் நீளத்தில் அளந்து பாருங்கள்.

இழு நீளம் குறைந்த பிள்ளைகளுக்குக் காம்பவுண்ட் வில்லே வசதி. அவர்களின் நீளத்துக்குக் கேமைப் பொருத்தினால் அந்த நீளத்துக்குள்ளேயே உச்ச விசை வந்துவிடும். விசையை ஏற்ற, வில்லின் கைகளைப் பிடித்திருக்கும் மேல், கீழ் லிம்ப் போல்ட் இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். வில்லைப் பொறுத்து ஒரு சுற்றுக்கு 2 முதல் 4 இறாத்தல் ஏறும். கதிரையில் உட்கார்ந்து, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராகப் பிடித்தபடி மெதுவாக இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த விசை இந்த ஆண்டு அவனுக்கு இல்லை. விதிகள் மாறக்கூடியவை. மாகாண அரசு வெளியிடும் அவ்வாண்டு வேட்டை விதிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டே அனுமதிச் சீட்டு வாங்குங்கள்.

இதே 45 இறாத்தலோடு மூஸ் (வட அமெரிக்கப் பெரிய மான்) வேட்டையாடலாமா?
வாசகர், சட்பரி

இல்லை. ஒன்ராறியோவில் மூஸ், எல்க், கருங்கரடிக்கு 22 கிலோ, அதாவது 48.5 இறாத்தல் வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்குள் காட்டுப் பன்றி வருகிறது. இணையத்தில் பிராட்ஹெட் வாங்கி வில்லில் அடிக்கலாமா?
வாசகர், தேனி

கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வில்லோ துப்பாக்கியோ, அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வில் பழகும் ஆசை இருந்தால் ஃபீல்ட் பாயின்டோடு இலக்கில் எய்யலாம், அதற்குத் தடையில்லை. இங்கிலாந்திலிருந்து எழுதியவருக்கும் இதே பதில்தான், அங்கே வில் வேட்டைக்கே அனுமதி இல்லை.

முனையைப் பூட்டும்போது விரலை வெட்டிக்கொண்டேன். வேறு வழி உண்டா?
வாசகி, வாட்டர்லூ

பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சாவியை எறிந்துவிடாதீர்கள். அதில் அலகு நுழையும் பள்ளம் உண்டு. அதை மாட்டித் திருகுங்கள், மறு கை தண்டில் இருக்கட்டும், முனைப் பக்கம் வரக்கூடாது. தூணியின் மூடியில் உள்ள ஃபோம் முழு அலகையும் மூட வேண்டும். ஃபோம் தேய்ந்து அலகு வெளியே தெரிந்தால் மூடியை மாற்றுங்கள். தண்டை மிகக் குட்டையாக வெட்டியிருந்தால், முழுதாக இழுக்கும்போது அலகு பின்னோக்கி வில் பிடித்த கைக்கு மேல் வந்துவிடும். ரெஸ்டைத் தாண்டி ஒரு அங்குலமாவது தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று, ஃபீல்ட் பாயின்ட் பூட்டிய அம்பை இழுத்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்து இருக்கைக்கு ஏறும்போது வில்லையும் தூணியையும் தோளில் மாட்டாமல் கீழே விட்டு, தரையிலிருந்தே முழு உடல் பாதுகாப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு ஏறி, மேலே போய் அமர்ந்த பிறகு கயிற்றில் இழுத்து எடுங்கள்.